திரைக்கு முன் வியர்வை: உடலசைவு வீடியோ கேம்கள் உடற்பயிற்சி ஆகுமா?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களும் மலைகளும் நிறைந்த மாநிலம். வருமானம் குறைவு, உடல் பருமன் அதிகம். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் ஒரு வீடியோ கேமை உடற்கல்விக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் கேளிக்கைக் கூடங்களுக்காக வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற ஆட்டம் அது. தரையில் ஒரு பாய் விரித்திருக்கும். அதில் நான்கு திசைக்கும் நான்கு அம்புக்குறிகள். பாட்டு ஓட ஓடத் திரையில் அம்புகள் மேலேறி வரும். எந்த அம்பு கோட்டைத் தொடுகிறதோ, தாளம் தப்பாமல் அந்தக் கட்டத்தைக் காலால் மிதிக்க வேண்டும். தப்பினால் மதிப்பெண் குறையும்.

அரசு ஊழியர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீட்டு முகமையும் இந்தத் திட்டத்தில் பங்காளியாக இருந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு நாளை வரப்போகும் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் பணம் கட்டப்போவது அந்த முகமைதான். போட்டி விளையாட்டுகள் ஆடப் பிடிக்காத பிள்ளையைக்கூட இந்தப் பாயின் மீது ஏற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அதற்கு இருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல் பருமன் உள்ள சிறுவர்களை 12 வாரம் வீட்டில் இந்த ஆட்டத்தை ஆடவைத்துப் பார்த்தார்கள். எடை குறையவில்லை. ஆனால் மூச்சுத் திறன் கூடியது. இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மையும் மேம்பட்டது. எடைக் கருவியை மட்டும் பார்த்து உடற்பயிற்சியை எடைபோடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு முடிவே போதுமான சான்று.

இப்படி ஒரு வழியைத் தேட வேண்டிய கட்டாயம் உலகம் முழுவதற்கும் இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது கடும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் வேலை அதில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களிடம் திரட்டிய தகவல்களைத் தொகுத்தார்கள். 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 77.6, பெண் பிள்ளைகளில் 84.7. உலகின் பிள்ளைகளில் ஐவரில் நால்வருக்குப் போதிய ஓட்டமும் ஆட்டமும் இல்லை.

உட்கார வைத்த குற்றவாளி திரைதான் என்றால், அந்தத் திரையையே எழுப்பிவிடும் கருவியாக மாற்ற முடியுமா? ஆய்வாளர்களுக்கு முன்பே வணிகர்கள் இந்தக் கேள்வியில் இறங்கிவிட்டார்கள். 1980களிலேயே ஜப்பானில் மிதிக்கும் பாய்கள் விற்பனைக்கு வந்தன. 2003இல் சோனியின் 'ஐடாய்' கேமரா ஆடுபவரின் உருவத்தையே திரைக்குள் கொண்டுபோனது. 2006இல் வந்த நின்டென்டோவின் 'வீ' கையில் பிடித்த ரிமோட்டையே டென்னிஸ் மட்டையாகவும் குத்துச்சண்டைக் கையுறையாகவும் மாற்றியது. 10 கோடிக்கும் மேல் விற்ற கன்சோல் அது. 2010இல் மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' கையில் எதையும் பிடிக்கத் தேவையில்லாமல் செய்தது. அகச்சிவப்புக் கதிர்களால் அறையின் ஆழத்தை அளந்து ஆடுபவரின் மூட்டுகளைப் பின்தொடர்ந்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. 2010இல் அமெரிக்க இதய சங்கம் நின்டென்டோவோடு கைகோத்துச் சில ஆட்டங்களுக்குத் தன் இதயச் சின்னத்தையே கொடுத்தது. அந்த நிறுவனத்திடமிருந்து 15 லட்சம் டாலர் நன்கொடை அச்சங்கத்துக்குக் கிடைத்த காலமும் அதுதான். மக்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருக்கும் அமைப்பு ஒரு சரக்கின் மேல் முத்திரை குத்தினால், வாங்கும் பெற்றோர் அதை மருத்துவர் எழுதிய சீட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். முத்திரைக்கு ஈடான சான்று அன்று கையில் இருந்ததா என்று பார்த்தால், பாதிதான் இருந்தது.

இருந்த பாதி, ஆய்வுக்கூடத்தில் அளந்தது. மயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2006இல் 8 முதல் 12 வயது வரையுள்ள 25 பிள்ளைகளின் மூச்சை அளந்து, அவர்கள் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். சும்மா இருக்கும்போது செலவாவதைவிட ஐடாய் ஆட்டத்தில் 108 விழுக்காடும், நடனப் பாயில் 172 விழுக்காடும் கூடுதலாகச் செலவானது. இது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பாயின் மேல் நிற்கும் பிள்ளை உண்மையாகவே உழைக்கிறது.

அடுத்த ஆண்டே லிவர்பூலிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. 13 முதல் 15 வயது வரையுள்ள 11 பேரை வைத்து அங்கே நடந்த ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. உட்கார்ந்து ஆடும் கார் பந்தய ஆட்டத்தைவிட வீயில் பந்துருட்டு, டென்னிஸ், குத்துச்சண்டை ஆடும்போது ஆற்றல் செலவு 51 விழுக்காடாவது கூடுதலாக இருந்தது. ஆனால் உண்மையான டென்னிஸுக்கோ குத்துச்சண்டைக்கோ அது அருகில்கூட வரவில்லை. அந்தப் பிள்ளைகள் வாரம் முழுதும் கன்சோலில் செலவிடும் நேரத்தையெல்லாம் இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு மாற்றினாலும், ஒரு வாரத்தின் மொத்த ஆற்றல் செலவில் கூடுவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். 51 என்ற எண் விளம்பரத்துக்குப் போகும். பிள்ளையின் உடலுக்குப் போய்ச் சேர்வது அந்த 2தான். இந்தத் துறையில் வரும் எந்தச் செய்தியைப் படித்தாலும், எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்குச் சொல்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டே மேலே போக வேண்டும்.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதுபோலத் தோன்றலாம். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு காலில் இருக்கிறது. 2010இல் டொரண்டோ ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கையை மட்டும் பெரிதும் பயன்படுத்தும் ஆட்டங்களில் ஆற்றல் செலவு மிகக் குறைவாகவும், இடுப்புக்குக் கீழே வேலை வாங்கும் ஆட்டங்களில் மிக அதிகமாகவும் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. காரணம் எளிது. உடலின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. உடல் எடையைத் தூக்கி வைத்துக் குதிக்கும்போதுதான் அவை விழிக்கும், இதயம் வேகமெடுக்கும், எலும்புக்கும் பாரம் ஏறும். கை வீசுவதில் அது நடக்காது. வீயின் ரிமோட்டுக்குள் இருந்த உணரி மணிக்கட்டின் வேகத்தைத்தான் உணரும். முழுத் தோளையும் சுழற்றுகிறாயா என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து எல்லைக்கோட்டைத் தொடும் என்றால் யார் எழுந்து நிற்பார்கள்? சோம்பேறித்தனம் என்று அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. வெல்வதற்கு எது போதுமோ அதைச் செய்வதே விளையாட்டுப் புத்தி. நடனப் பாயை ஏமாற்றுவது கடினம், மிதித்தால்தான் மதிப்பெண்.

இனி, மீதிப் பாதிக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் அளந்தவர் பக்கத்தில் நின்றார். கருவி வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது?

ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாம் பரனோவ்ஸ்கியும் குழுவினரும் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் திருப்புமுனை என்று கருதுகிறேன். 9 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வீ கன்சோலைக் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு உடலசைவு ஆட்டங்கள், மறு பாதிக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள். ஆடு என்று யாரும் வற்புறுத்தவில்லை. சாதாரண வீட்டில் என்ன நடக்குமோ அது நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய கருவியால் அசைவை அளந்தார்கள். எந்த வாரத்திலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. உடலசைவு ஆட்டம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு நிமிடம்கூட அதிகமாக உழைத்ததாகத் தெரியவில்லை. வெளியே போய் விளையாடப் பாதுகாப்பில்லாத வட்டாரங்களில் வாழும் பிள்ளைகளுக்காவது இது உதவுகிறதா என்று தேடினார்கள். அங்கும் பலனில்லை.

ஏன் இப்படி? ஒன்று, மெதுவாக ஆடியிருக்கலாம். இல்லாவிட்டால், மாலையில் அரைமணி நேரம் குதித்த பிள்ளை, அந்தக் களைப்புக்கு ஈடாக மற்ற நேரத்தில் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். உடல் தன் மொத்த உழைப்பை ஓர் அளவுக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எதுவானாலும், முடிவு ஒன்றுதான்: கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா அம்மா ஒதுங்கிக்கொண்டால் அது உடற்பயிற்சி ஆகவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 10 முதல் 14 வயது வரையுள்ள, எடை கூடிய 322 பிள்ளைகளிடம் நடந்த 24 வாரச் சோதனை சற்று ஆறுதல் தருகிறது. எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் இருந்தது. அவர்களில் ஒரு பாதியினருக்கு ஐடாய் கேமராவும் ஆட்டங்களும் கொடுக்கப்பட்டன. முடிவில் உடல் நிறைக் குறியெண்ணில் 0.24 அளவுக்கு அவர்களுக்குச் சாதகமான வேறுபாடு தெரிந்தது. சிறியதுதான், ஆனால் உண்மையானது. மிதமான, கடும் உழைப்பில் கழிந்த நேரத்தில் மட்டும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆடிய பிள்ளைகள் நொறுக்குத் தீனி தின்பது குறைந்ததற்கான ஒரு சாய்வு கணக்கில் தெரிந்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது சிப்ஸ் பாக்கெட்டுக்குள் எந்தக் கை போகும்?

வீட்டுக்குள் இருந்து தெருவுக்கு இழுத்த ஆட்டத்தின் கதையும் இதே வழியில்தான் போனது. 2016 ஜூலையில் 'போக்கிமான் கோ' வெளியானபோது பூங்காக்களும் கடற்கரைகளும் போனைப் பார்த்தபடி நடக்கும் இளைஞர்களால் நிரம்பின. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 18 முதல் 35 வயது வரையுள்ள அமெரிக்கர்களின் ஐபோனில் பதிந்திருந்த காலடிக் கணக்கைத் திரட்டினார்கள். முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடின. ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் முழுதும் கரைந்து போயிருந்தது.

ஆக, ஆறு வாரம் என்பதுதான் புதுமையின் ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் ஆடவைப்பது எது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. அவை கருவியைப் பற்றிய பதில்களாக இல்லை என்பதே இந்தத் துறை எனக்குச் சொல்லித் தந்த முக்கியமான சேதி.

நெதர்லாந்தில் 2008இல் வெளிவந்த ஒரு சிறிய சோதனையில், 9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லோரிடமும் வீட்டில் ஆட நடனப் பாய் இருந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் வாரம் ஒருமுறை சேர்ந்து ஆடும் வகுப்பும் இருந்தது. 12 வாரத்தில் வீட்டில் மட்டும் ஆடியவர்களில் 64 விழுக்காட்டினர் விட்டுவிட்டார்கள். சேர்ந்தும் ஆடியவர்களில் விட்டவர்கள் 15 விழுக்காடு. மொத்தம் 27 பிள்ளைகள்தான் என்பதால் எண்களைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆனால் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின.

அமெரிக்காவில் அமண்டா ஸ்டயானோ செய்த ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. எடை கூடிய 15 முதல் 19 வயது வரையுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்கள் பள்ளியிலேயே 20 வாரம் வீ ஆட்டங்களை ஆடினார்கள். ஒரு குழு ஒருவரோடொருவர் போட்டியிட்டது. இன்னொரு குழு இருவர் இருவராகக் கைகோத்துச் சேர்ந்து புள்ளி சேர்த்தது. சேர்ந்து ஆடியவர்கள் சராசரியாக 1.65 கிலோ குறைந்தார்கள். போட்டியிட்டவர்களுக்கும் ஆட்டமே ஆடாதவர்களுக்கும் எடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிற, பந்தயத்தில் பின்னால் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது வியப்பாக இராது. தோற்கிற இடத்துக்கு யார் திரும்பித் திரும்பிப் போவார்கள்? தன்னை நம்பி ஒரு தோழி நிற்கிறாள் என்றால் போவார்கள்.

2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒய்.எம்.சி.ஏ. மையங்கள் முதலிய இடங்களில் குடும்பத்தோடு நடந்த எடைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 8 முதல் 12 வயது வரையுள்ள 75 பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். ஒரு பாதியினருக்குக் கூடுதலாகக் கினெக்ட் கன்சோலும் உடலசைவு ஆட்டங்களும் கிடைத்தன. 16 வாரத்தில் அவர்களுடைய மிதமான, கடும் உழைப்பு நாளொன்றுக்கு 7.4 நிமிடம் கூடியது. எடையும் மற்றவர்களைவிட நன்றாகவே கட்டுக்குள் வந்தது. ஹூஸ்டனில் பலிக்காத ஒன்று இங்கே பலித்ததன் காரணம், சுற்றிலும் ஒரு திட்டமும் குடும்பமும் இருந்ததுதான்.

லூசியானாவின் பென்னிங்டன் ஆய்வு மையத்தில் ஸ்டயானோ பின்னர் இதையே இன்னும் கூர்மையாக்கினார். 10 முதல் 12 வயது வரையுள்ள 46 பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்குக் கினெக்டும், வாரத்துக்கு மூன்று முறை குடும்பத்தாரோடோ நண்பர்களோடோ ஆட ஓர் அட்டவணையும், வீடியோ அழைப்பில் பேசும் பயிற்றுநர் ஒருவரும் கிடைத்தார்கள். 24 வாரம் முடிந்தபோது திட்டமிட்ட ஆட்டங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஆடி முடிக்கப்பட்டிருந்தன. ஆறு வாரச் சுவரை எந்த ஆட்டமும் தாண்டாது என்று நினைப்பவர்களுக்கு இது நேரடியான பதில். வயதுக்கேற்பக் கணக்கிட்ட உடல் நிறை அளவு அவர்களிடம் 3 விழுக்காடு இறங்கியது; மற்றவர்களிடம் 1 விழுக்காடு ஏறியது. தவறாமல் திரையில் வந்து 'எத்தனை முறை ஆடினாய், எங்கே கஷ்டமாக இருந்தது' என்று கேட்கிற ஒரு மனிதர் இருந்தார். நம் ஊர்ப் பள்ளியில் நல்ல பி.டி. வாத்தியார் செய்கிற வேலையும் அதுதான்.

இந்த ஆட்டங்களுக்குச் சில தீங்குகளும் உண்டு. வீயில் நெடுநேரம் டென்னிஸ் ஆடித் தோள் நாண் வீங்கியவரைப் பற்றி 2007இலேயே மருத்துவ இதழில் குறிப்பு வந்தது. கைநழுவிப் பறந்த ரிமோட்டுகளால் நின்டென்டோ 32 லட்சம் கைப்பட்டிகளை மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறு. 'வீ ஃபிட்' ஆட்டத்தின் எடைப் பலகை, ஏறி நின்ற சிறுவர்களுக்கும் உடல் நிறைக் குறியெண்ணைக் கணக்கிட்டு 'பருமன்' என்று அறிவித்தது. பிரிட்டனில் எதிர்ப்பு எழுந்து நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. வளரும் உடலுக்கு ஓர் எண்ணை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்வது மருத்துவமும் இல்லை, அன்பும் இல்லை. பத்து வயதில் கேட்ட அந்தச் சொல் ஒரு பெண்ணைப் பல ஆண்டுகளுக்கு மைதானத்தின் பக்கமே வரவிடாமல் செய்யக்கூடும்.

திரையால் எந்தக் காலத்திலும் தர முடியாத ஒன்றும் இருக்கிறது, பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதியினரை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 விழுக்காடு, வழக்கம்போல இருந்தவர்களில் 39.5. எனவே மைதானம் இருக்கிற பள்ளி அதைப் பூட்டிவிட்டுக் கன்சோல் வாங்கினால் அது பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதல். உடலசைவு ஆட்டத்தை மைதானத்தோடு ஒப்பிடவே கூடாது. அது எதற்கு மாற்று என்றால், உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு.

சந்தையின் போக்கு இன்னொரு பாடம். இந்த ஆய்வுகளில் சிலவற்றுக்கு அடித்தளமாக இருந்த கினெக்டின் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2017இல் நிறுத்திவிட்டது. ஆராய்ந்து முடிப்பதற்குள் கருவி கடையிலிருந்து போய்விடுகிறது. 2019இல் வந்த நின்டென்டோவின் 'ரிங் ஃபிட் அட்வெஞ்சர்' கொரோனா ஊரடங்கில் கிடைக்காத சரக்காகி, பின்னர் 1.5 கோடிக்கு மேல் விற்றது. தலையில் மாட்டும் கருவிகளில் 'பீட் சேபர்' போன்ற ஆட்டங்கள் நன்றாகவே வியர்க்க வைக்கின்றன. கையில் வைத்திருக்கும் போனின் கேமராவே இன்று ஆடுபவரின் மூட்டுகளைக் கண்டுகொள்ளும். ஆகவே எந்தக் கருவி என்ற கேள்வியில் பள்ளியோ அரசோ பணத்தை முடக்குவது வீண். ஐந்தாண்டில் அது பழசு.

நம் நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? முன்பு சொன்ன உலகத் தொகுப்பில் இந்தியாவின் எண் 73.9, உலகச் சராசரியைவிடச் சற்று நல்லது. ஆண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் போன்ற விளையாட்டுகளில் உள்ள மோகம் ஒரு காரணமாகலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பெண் பிள்ளைகளுக்கு அவர்கள் சொன்ன காரணம் வீட்டு வேலை. படித்ததும் மனம் கனத்துப் போனது. தண்ணீர் சுமப்பதும் பெருக்குவதும் துவைப்பதும் கணக்கில் உடலுழைப்புதான். ஆனால் அந்த உழைப்பில் அவளுக்கென்று எதுவும் இல்லை. வயதுக்கு வந்ததும் தெருவிலும் மைதானத்திலும் அவள் ஓடுவது நின்றுவிடுகிறது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பள்ளியில் மிச்சமிருக்கும் பி.டி. பீரியடையும் தேர்வு நெருங்கும்போது கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன.

சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் வளரிளம் பெண்களுக்காக 'தாண்டவ்' என்ற பெயரில், சில நிமிடங்களே நீளும் தீவிர நடனப் பயிற்சி ஒன்றை வடிவமைத்து ஆராய்ந்தார்கள். அதில் வீடியோ கேம் எதுவும் இல்லை. ஆனால் மேற்கு வர்ஜீனியாவும் நெதர்லாந்தும் கண்டுகொண்டதோடு அது ஒத்துப்போகிறது: கால் அசைய வேண்டும், பாட்டு வேண்டும், கூட ஆட ஆள் வேண்டும், சின்ன இடம் போதும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வகுப்பறையில், பார்வைகளுக்கு அஞ்சாமல், தோழிகளோடு குதிக்க முடியும் என்பதுதான் இந்த ஆட்டங்களின் உண்மையான வலிமை என்று நினைக்கிறேன். மைதானம் கிடைக்கிற பையனுக்கு இது கூடுதல் பொழுதுபோக்கு. மைதானம் மறுக்கப்பட்ட பெண்ணுக்கு, மாற்றுத் திறனாளிப் பிள்ளைக்கு, கேலிக்கு அஞ்சி ஒதுங்கும் பருமனான பிள்ளைக்கு இது முதல் வாசலாக இருக்க முடியும்.

ஸ்மார்ட் வகுப்பறைக்கென்று பெரிய திரைகள் இன்று பல பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றில் இப்படியொரு திட்டத்தைக் கொண்டுவர முன்வரும் நிறுவனத்திடம், முதல் நாள் நிகழ்ச்சியின் படங்களைக் கேட்க வேண்டாம். காலுக்கு வேலை இருக்கிறதா, இருவராகச் சேர்ந்து ஆட வழி இருக்கிறதா, பிள்ளையின் எடையை எல்லோர் முன்னும் அறிவிக்காமல் இருக்குமா என்று கேட்க வேண்டும். வகுப்பை நடத்தும் ஆசிரியர் யார், அந்தப் பீரியட் அட்டவணையில் எழுதியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும். பிறகு ஏழாவது வாரத்திலும் இருபத்து நான்காவது வாரத்திலும் போய், எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.